யாருடைய தேதி இது?

நாள் இயற்கை தருவது. தேதி மனிதன் இடுவது. கதிரவன் தோன்றி மறைவதில் கருத்து வேறுபாட்டிற்கு இடமில்லை. ஆனால் அவ்வாறு கழிந்த ஒரு நாளை 'அக்டோபர் 4' என்று அழைப்பதா, 'அக்டோபர் 14' என்று அழைப்பதா என்பதில் நாடுகள் பிளவுபட்டிருக்கின்றன, திருச்சபைகளும் பிளவுபட்டிருக்கின்றன. ஒரே போரில் எதிரெதிரே நின்றவர்கள், அப்போர் நடந்த அதே நாளுக்கு வெவ்வேறு தேதியிட்டு எழுதியிருக்கிறார்கள்.

ஜூலியன் நாள்காட்டியில் எழுதப்பட்ட அப்பழைய தேதிகளை இன்று வழங்கும் கிரகோரியன் நாள்காட்டிக்கு மாற்றித் தரும் பொறுப்பை நாம் இப்போது கணிப்பொறியிடம் ஒப்படைத்துவிட்டோம். தேதியைத் தட்டினால் கண் இமைக்கும் நேரத்தில் விடை வந்து நிற்கிறது. அவ்விடையில் தயக்கமோ நிபந்தனையோ 'ஒருவேளை' என்ற சொல்லோ இருப்பதில்லை. அந்தத் தயக்கமின்மையைத்தான் இக்கட்டுரை ஆராய விரும்புகிறது.

மென்பொருளுக்குத் திறனாய்வா என்று வாசகர் வியக்கலாம். மென்பொருளும் மனிதர் எழுதிய ஒரு நூலே. நூலுக்கு ஒரு நோக்கு இருப்பதுபோல் இதற்கும் உண்டு. நூலில் மௌனங்கள் இருப்பதுபோல் இதிலும் உண்டு. எதைச் சொல்கிறது என்பதோடு எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதையும் பார்ப்பதே திறனாய்வு. அவ்வளவுகோலை இங்கும் வைத்துப் பார்த்தால் ஒரு முடிவு கிடைக்கிறது: இம்மென்பொருள்களின் கணக்கில் குறை காண்பது அரிது, ஆனால் 'இது யாருடைய தேதி?' என்று கேளாமலேயே கணக்கைத் தொடங்கிவிடுவது அவற்றுள் பலவற்றின் பெருங்குறை.

பத்து நாள்கள் மறைந்த வரலாறு

ஜூலியஸ் சீசர் கி.மு. 45-இல் நடைமுறைப்படுத்திய நாள்காட்டி, ஆண்டிற்கு முந்நூற்று அறுபத்தைந்தே கால் நாள் என்று கொண்டது. அக்கால் நாளை ஈடுசெய்ய நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு நாளைக் கூட்டியது. உண்மையான பருவ ஆண்டோ அதைவிடப் பதினொரு நிமிடத்திற்குச் சற்று மேல் குறைவானது. பதினொரு நிமிடம் ஒரு மனிதனின் வாழ்நாளில் பொருட்படுத்தத் தக்கதன்று. ஆனால் ஏறத்தாழ 128 ஆண்டுகளில் அது ஒரு முழு நாளாகத் திரண்டுவிடும். 325-ஆம் ஆண்டு நீசேயாவில் பொதுச்சங்கம் கூடிய காலத்தில் மார்ச் 21-ஐ ஒட்டி நிகழ்ந்த வசந்த கால சம இரவு நாள், பதினாறாம் நூற்றாண்டில் மார்ச் 11-ஐ ஒட்டி நிகழலாயிற்று. உயிர்ப்புப் பெருவிழாவின் நாள், மார்ச் 21-ஐத் தொடர்ந்துவரும் முழுநிலவைக் கொண்டு கணிக்கப்படுவதால், இப்பிழை வானியலாரின் கவலையாக மட்டும் நின்றுவிடவில்லை. வழிபாட்டின் கவலையாகவும் ஆயிற்று.

இத்தாலிய மருத்துவர் அலோய்சியுஸ் லிலியுஸ் வகுத்த திட்டத்தை, இயேசு சபைக் கணித அறிஞர் கிறிஸ்தோபர் கிளாவியுஸ் உள்ளிட்ட குழுவினர் ஆராய்ந்து செப்பம் செய்ய, திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரி 1582-இல் புதிய நாள்காட்டியை அறிவித்தார். நூற்றாண்டு முடிவு ஆண்டுகளில் 400-ஆல் வகுபடுவன மட்டுமே லீப் ஆண்டுகள் என்பது அதன் விதி. எனவே 1600-உம் 2000-உம் லீப் ஆண்டுகள். 1700, 1800, 1900 ஆகியவை அல்ல. சேர்ந்துபோன பிழையைத் தீர்ப்பதற்காக 1582 அக்டோபர் 4 வியாழக்கிழமைக்கு அடுத்த நாள் அக்டோபர் 15 வெள்ளிக்கிழமை என்று விதிக்கப்பட்டது. அவிலா நகர்ப் புனித தெரேசா அந்த அக்டோபர் 4 இரவில்தான் இறைவனடி சேர்ந்தார். அவருடைய திருநாளை நாம் அக்டோபர் 15-இல் கொண்டாடுவதை அறியாதார் இலர்.

ஸ்பெயினும் போர்த்துக்கலும் போலந்தும் இத்தாலியின் பெரும்பகுதியும் உடனே மாறின. பிரான்சு அதே ஆண்டு டிசம்பரில் மாறியது. ஆனால் ஆணை உரோமையிலிருந்து வந்தது என்ற ஒரே காரணத்திற்காகப் பல நாடுகள் அதைப் புறக்கணித்தன. டென்மார்க்கும் ஜெர்மானியச் சீர்திருத்தச் சபை நாடுகளும் 1700-இல்தான் மாறின. இங்கிலாந்து 1752 வரை காத்திருந்தது. ரஷ்யா 1918 வரை காத்திருந்தது. கிரேக்க நாட்டு அரசு 1923-இல் மாறியது. சுவீடனோ 1700 முதல் படிப்படியாக மாற முயன்று, இடையிலே குழம்பி, 1712-இல் பிப்ரவரி 30 என்ற ஒரு தேதியையே உண்டாக்கி, இறுதியில் 1753-இல் கரை சேர்ந்தது. இந்நீண்ட இடைவெளிக்குள் எழுதப்பட்ட கடிதங்களும் ஒப்பந்தங்களும் கப்பல் குறிப்புகளும் திருமுழுக்குப் பதிவுகளுமே நாம் இன்று மாற்ற விரும்பும் தேதிகளின் களஞ்சியம்.

கணக்கு எளிது

இரு நாள்காட்டிகளுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைக் காண்பதற்குக் கணிப்பொறிகூட வேண்டியதில்லை. ஆண்டின் நூற்றாண்டு எண்ணை எடுத்து, அதில் நான்கில் ஒரு பங்கைப் பின்னம் விடுத்துக் கழித்து, மேலும் இரண்டைக் கழித்தால் போதும். 1746-ஆம் ஆண்டிற்கு நூற்றாண்டு எண் 17. அதன் கால் பங்கு 4. 17-இல் 4-உம் 2-உம் போக 11 நாள். இவ்வேறுபாடு நூற்றாண்டு முடிவு ஆண்டின் பிப்ரவரி இறுதியில் மாறும் என்பதை மட்டும் நினைவிற் கொள்ள வேண்டும். 1582 முதல் 1700 பிப்ரவரி வரை பத்து நாள், அதன்பின் பதினொன்று, 1800 முதல் பன்னிரண்டு, 1900 முதல் பதின்மூன்று, 2100 மார்ச் முதல் பதினான்கு. இன்றைய வேறுபாடு பதின்மூன்று என்பதைக் கேள்வியுற்ற சிலர், பதினேழாம் நூற்றாண்டு ஆவணத்திற்கும் பதின்மூன்றையே கூட்டிவிடுவதுண்டு. அத்தகைய தவற்றைக் கணிப்பொறி செய்யாது. அந்த அளவிற்கு அதற்கு நன்றி கூற வேண்டும்.

மென்பொருள்கள் பல கையாளும் வழி இன்னும் நேர்த்தியானது. நெடுங்காலத்திற்கு முன் ஒரு நாளைத் தொடக்கமாகக் கொண்டு, அன்றிலிருந்து நாள்களை இடைவிடாது எண்ணிக்கொண்டு வருவது அம்முறை. பழைய தேதியை அத்தொடர் எண்ணாக மாற்றிப் பின்னர் அவ்வெண்ணைப் புதிய தேதியாக மாற்றினால் வேலை முடிந்தது. வானியலார் வழங்கும் தொடர் எண், கி.மு. 4713 ஜனவரி முதல் நாளில் தொடங்குகிறது. அத்தொடக்கத்தை 1583-இல் வகுத்தளித்தவர் ஜோசப் ஸ்காலிஜர். இவர் கால்வினியச் சபையைச் சார்ந்தவர். திருத்தந்தையின் நாள்காட்டியைக் கடுமையாகச் சாடியவர். கிளாவியுசின் மறுப்புரைக்கு ஆளானவர். இன்று அவருடைய எண்ணில் 1582 அக்டோபர் 4 என்பது 22,99,160. அடுத்த நாளாகிய அக்டோபர் 15 என்பது 22,99,161. எதிர்த்தவர் இட்ட பாலத்தின் மேல்தான் இரு தரப்பினரின் தேதிகளும் இன்று ஒன்றையொன்று சந்திக்கின்றன.

இத்துறையில் தலைசிறந்த நூல் என்று எட்வர்டு ரைன்கோல்டு, நாகும் டெர்ஷோவிட்ஸ் ஆகிய இருவரும் எழுதிய 'காலண்ட்ரிக்கல் கால்குலேஷன்ஸ்' என்பதைக் கூறலாம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் 1997-இல் வெளியிட்ட இந்நூல், 2018-இல் நான்காம் பதிப்பைக் கண்டது. ஜூலியன், கிரகோரியன், யூதர், இஸ்லாமியர், சீனர், இந்தியர் ஆகியோரின் நாள்காட்டிகள் அனைத்தையும் ஒரே தொடர் எண்ணின் வழியாக இணைக்கும் விதிகளைக் கணிப்பொறிக்குரிய நிரல்களோடு அது தருகிறது. எந்த நாள்காட்டியையும் அது தாழ்த்தவில்லை. எதையும் அளவுகோலாக உயர்த்தி மற்றவற்றைப் பிறழ்ச்சி என்று பழிக்கவில்லை. ஆனால் கணக்கே அந்நூலின் எல்லை. கையிலிருக்கும் ஓர் ஆவணத்தை எழுதியவர் எந்த நாள்காட்டியைப் பின்பற்றினார் என்ற கேள்விக்கு விடை தருவது அதன் நோக்கமன்று. அவ்வேலை பயன்படுத்துவோருடையது. நூலைப் படிப்பவர் இதனை எளிதில் உணர்வார். அந்நூலில் உள்ளவை போன்ற விதிகளால் இயங்கும் மென்பொருளைத் தட்டுபவர் உணர்வதில்லை என்பதே இடர்ப்பாடு.

மூன்று மென்பொருள்கள், மூன்று மௌனங்கள்

யூனிக்ஸ் கணிப்பொறிகளில் 'கால்' என்னும் சிறு கட்டளை ஒன்று உண்டு. 1752 செப்டம்பரைக் காட்டு என்று கேட்டால், 1, 2 ஆகியவற்றை அடுத்து 14 என்று அது அச்சிடும். இங்கிலாந்தில் அன்று நடந்தது அதுவே. ஆனால் கேட்பவர் உரோமையில் இருந்தாலும் மாஸ்கோவில் இருந்தாலும் பழைய 'கால்' இதே விடையைத்தான் தந்தது. ஒரு நாட்டின் அனுபவம் உலகத்தின் அனுபவமாக உயர்த்தப்பட்டுவிட்டது. 1600-ஆம் ஆண்டின் உரோமை ஆவணத்தை இதைக் கொண்டு சரிபார்ப்பவருக்குக் கிழமை தவறிப் போகும். ஏனெனில் அவ்வாண்டை அது ஜூலியன் முறையிலேயே காட்டும்.

ஜாவா மொழியின் பழைய நாள்காட்டிப் பிரிவு இதற்கு மாறாக உரோமையின் பக்கம் நிற்கிறது. 1582 அக்டோபர் 4 வரை ஜூலியன், அடுத்த நாளிலிருந்து கிரகோரியன் என்பது அதன் இயல்பான நிலை. வேண்டுவோர் மாற்ற நாளைத் தாமே அமைத்துக்கொள்ளலாம் என்ற வசதியும் அதில் உண்டு. ஆனால் அவ்வசதியைத் தேடிச் செல்வோர் சிலரே. ஆகவே 1642-ஆம் ஆண்டின் இலண்டன் கடிதத்தைக்கூட அது கிரகோரியன் தேதி என்றே கொள்கிறது.

மூன்றாவது போக்கு இன்று மேலோங்கி நிற்பது. பைத்தான் மொழியின் தேதிப் பிரிவும், 2014-இல் ஜாவாவில் சேர்க்கப்பட்ட புதிய பிரிவும் கிரகோரியன் விதியைக் கி.பி. முதலாம் ஆண்டுவரை, ஜாவாவில் அதற்கு அப்பாலும், பின்னோக்கி நீட்டிவிடுகின்றன. நீசேயாவின் ஆயர்களும் புனித அகுஸ்தீனும் தாம் அறிந்திராத ஒரு நாள்காட்டியில் வாழ்ந்ததாக அவை கொள்கின்றன. இதனால் கணக்கு சீராகிறது என்பது உண்மை. இயந்திரங்கள் தமக்குள் பேசிக்கொள்வதற்கு இச்சீர்மை தேவையானதே. ஐ.எஸ்.ஓ. 8601 என்னும் பன்னாட்டுத் தரமும் இம்முறையையே மேற்கொண்டுள்ளது. ஆயினும் 1583-க்கு முற்பட்ட தேதிகளைப் பரிமாறுவோர் முன்கூட்டியே தமக்குள் உடன்பாடு செய்துகொள்ள வேண்டும் என்று அத்தரம் ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துள்ளது. எச்சரிக்கை தரத்தின் ஏட்டில் இருக்கிறது. மென்பொருளின் திரையில் இல்லை.

இப்போக்குகள் ஒன்றோடொன்று மோதும்போது என்ன நேரும்? பெருந்தொகையான தரவுகளைக் கையாளும் ஸ்பார்க் என்னும் மென்பொருள், 2020-இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் இரண்டாம் போக்கிலிருந்து மூன்றாம் போக்கிற்கு மாறியது. பழைய பதிப்பு எழுதிவைத்த பதினாறாம் நூற்றாண்டுத் தேதியைப் புதிய பதிப்பு படித்தால் பத்து நாள் நகர்ந்துவிடும் நிலை எழுந்தது. அதனை உருவாக்கியோர் இதை மறைக்கவில்லை. இத்தகைய தேதி எதிர்ப்பட்டால் வேலையை நிறுத்திவிட்டு, எம்முறையில் படிக்க வேண்டும் என்று கேட்குமாறு செய்தார்கள். இக்கட்டுரையில் நான் முதன்முதலாகப் பாராட்டுவது இந்த நிறுத்தத்தைத்தான். விடை தெரியாத இடத்தில் நின்று கேட்கும் இயந்திரம், தெரிந்ததுபோல் ஓடும் இயந்திரத்தைவிட மேலானது.

கேளாமல் தந்த விடையால் வரும் கேடு

பத்து நாள் முன்பின் ஆவதால் என்ன கெட்டுவிடும் என்று கேட்போர் உண்டு. சில எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம்.

கலிலேயோ இறந்த ஆண்டிலேயே நியூட்டன் பிறந்தார் என்று பள்ளிப் பருவம் முதல் கேட்டுவருகிறோம்; அறிவியலின் ஒளி ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறியதுபோல் அதில் ஓர் அழகும் இருக்கிறது. கலிலேயோ இறந்தது 1642 ஜனவரி 8. அது கிரகோரியன் தேதி. நியூட்டன் பிறந்தது 1642 டிசம்பர் 25. அது ஜூலியன் தேதி. இரண்டையும் கிரகோரியனில் எழுதினால் நியூட்டனின் பிறப்பு 1643 ஜனவரி 4 ஆகிறது. இரண்டையும் ஜூலியனில் எழுதினால் கலிலேயோவின் இறப்பு 1641 டிசம்பர் 29 ஆகிறது. எந்த நாள்காட்டியை எடுத்துக்கொண்டாலும் இருவரும் ஒரே ஆண்டில் சந்திப்பதில்லை. இரு நாள்காட்டிகளையும் கலந்தபோது மட்டுமே அந்த அழகு பிறந்தது.

நம் கடற்கரைக்கு வருவோம். 1746-இல் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே சென்னையின் புனித ஜார்ஜ் கோட்டையைக் கைப்பற்றினார். ஆங்கிலேயர் ஏடுகள் அந்நாளைச் செப்டம்பர் 10 என்கின்றன. பிரெஞ்சுக்காரர் ஏடுகள் செப்டம்பர் 21 என்கின்றன. இரண்டும் ஒரே புதன்கிழமை. இதை அறியாதவர் இரு ஏடுகளையும் ஒரே பட்டியலில் கோத்தால், கோட்டை வீழ்ந்து பதினொரு நாள் கழித்து மீண்டும் ஒருமுறை வீழ்ந்ததாகிவிடும். ஓலைகள் முன்பின்னாகும், விடை கேள்விக்கு முன்னே வந்து சேரும், ஒருவர் செய்த செயலுக்குப் பிறிதொருவர் பழி சுமக்க நேரிடும்.

நாட்டின் பெயரைக் கொடுத்தால் போதுமே, அந்நாடு மாறிய நாளை மென்பொருள் அறிந்துகொள்ளுமே என்று கூறலாம். யூனிக்ஸின் 'என்கால்' என்னும் கட்டளை உண்மையிலேயே அவ்வாறு நாட்டைக் கேட்டுக்கொள்கிறது. இது பாராட்டத்தக்க முன்னேற்றம். ஆனால் இன்றைய நெதர்லாந்தில் ஹாலந்து மாநிலம் 1582-83-இலேயே மாறியபோது உத்ரெக்ட் 1700 வரை மாறவில்லை. சென்னைக் கோட்டையோ ஆங்கிலேயர் கையில் இருந்தது. ஆனால் அங்கே 1642 முதல் கத்தோலிக்கருக்கு ஆன்மீகப் பணியாற்றியவர்கள், புதிய நாள்காட்டியை ஏற்றிருந்த பிரான்சிலிருந்து வந்த கப்புச்சின் துறவியர். இத்தகைய ஊரில் எழுதப்பட்ட தேதியை நாட்டின் பெயரை வைத்துத் தீர்ப்பிட முடியாது. ஆவணத்தைத் திறந்து, எழுதியவர் யார், யாருக்கு எழுதினார், முன்னும் பின்னும் என்ன தேதிகள் உள்ளன என்று பார்த்தே தீர வேண்டும்.

ஆண்டின் தொடக்கமும் ஒரு சிக்கல். இங்கிலாந்தில் 1751 வரை சட்டப்படியான புத்தாண்டு மார்ச் 25, அதாவது மங்கள வார்த்தைத் திருநாள். எனவே ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்த நாள் அன்றைய கணக்கில் 1731 பிப்ரவரி 11. இன்றைய கணக்கில் 1732 பிப்ரவரி 22. பதினொரு நாளைக் கூட்டத் தெரிந்த மென்பொருள்களுள் பல, ஆண்டைக் கூட்ட வேண்டும் என்பதை அறியா. வியப்பு என்னவெனில், நாள்காட்டியைச் சீர்திருத்திய திருத்தந்தையின் ஆணைமடலே இவ்வகையில் ஒரு புதிர். இன்றைய கணக்கில் 1582 பிப்ரவரி 24-இல் ஒப்பமிடப்பட்ட அம்மடலில் காணப்படும் ஆண்டு 1581. ஏனெனில் அதிலும் ஆண்டு, ஆண்டவரின் மனிதப் பிறப்பறிவிப்பு நாளாகிய மார்ச் 25-இலிருந்தே எண்ணப்பட்டிருக்கிறது. தேதிகளைத் திருத்த வந்த ஏட்டின் தேதியையே விளக்கமின்றிப் படிக்க முடியாதென்றால், மற்ற ஏடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

கிழமை என்னும் சாட்சி

இவ்வளவு குழப்பத்திலும் அறுபடாத இழை ஒன்று உண்டு. அது கிழமை. 1582-இல் பத்துத் தேதிகள் நீக்கப்பட்டபோதும் வியாழனை அடுத்து வெள்ளியே வந்தது. 1752-இல் இங்கிலாந்திலும் புதனை அடுத்து வியாழனே வந்தது. 1918-இல் ரஷ்யாவிலும் அவ்வாறே. தேதியில் பிரிந்து நின்ற கிறிஸ்தவர்கள் ஆண்டவரின் நாளில் பிரியவில்லை. உரோமைக்கு ஞாயிறு என்றால் மாஸ்கோவிற்கும் இலண்டனுக்கும் அன்றே ஞாயிறு.

ஆகவே ஓர் ஆவணத்தில் தேதியோடு கிழமையும் எழுதப்பட்டிருந்தால், அது எந்த நாள்காட்டி என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் ஐரோப்பியத் தேதியோடு தமிழ் ஆண்டும் மாதமும் தேதியும் கிழமையும் சேர்த்து எழுதியது, பிற்கால ஆய்வாளருக்கு எத்தகைய கொடை என்பதை இப்போது உணரலாம்.

தேதி மாற்றும் மென்பொருள்களின் மீது நான் வைக்கும் தனிக் குறை இங்கேதான். அவற்றுள் பெரும்பாலானவை கிழமையை விடையாகத் தருகின்றன, சான்றாகக் கேட்பதில்லை. புனித சவேரியார் சீனக் கடற்கரைத் தீவில் மறைந்த 1552 டிசம்பர் 3 என்ற தேதியைப் பைத்தானிடம் கொடுத்தால் புதன்கிழமை என்று கூறும். அது ஜூலியன் தேதி, அன்று சனிக்கிழமை. கிழமையை நம்மிடம் கேட்டிருந்தால், 'நீர் கூறும் கிழமையும் என் கணக்கும் ஒத்துவரவில்லை. இது ஜூலியன் தேதியாக இருக்கலாமோ?' என்று அதனால் நம்மைத் திருப்பிக் கேட்டிருக்க முடியும். கணிதத்தில் இது ஒரு வரி வேலை. செய்யப்படாததற்குக் காரணம் கடினம் அன்று; தேவை என்று எவருக்கும் தோன்றாததே காரணம்.

நல்ல கருவியின் இலக்கணம்

எனவே நல்ல கருவி எது? முதலாவதாக, ஆவணத்தில் உள்ள தேதியை உள்ளவாறே காக்க வேண்டும். மாற்றிய தேதி உரையாசிரியரின் உரை போன்றது. மூலத்தை அழித்துவிட்டு உரையை மட்டும் வைத்திருப்பார் உண்டோ? இரண்டாவதாக, எந்த நாள்காட்டி என்பதைத் தேதியோடு பிரிக்க முடியாதபடி பிணைத்து வைக்க வேண்டும். மூன்றாவதாக, தான் எதை ஊகித்துக்கொண்டது என்பதைப் பயன்படுத்துவோருக்குத் தெரியச் சொல்ல வேண்டும்.

இவ்விலக்கணத்திற்கு ஓரளவு பொருந்துவது, குடும்ப வரலாறு தேடுவோர் கையாளும் ஜெட்காம் என்னும் கோப்பு முறை. ஒவ்வொரு தேதியோடும் அது ஜூலியனா கிரகோரியனா என்ற குறியை அதில் இட முடியும்; 1731/32 என்று இரட்டை ஆண்டு எழுதவும் வழியுண்டு. பேரறிஞர்களின் வானியல் நிரல்கள் பல கவனிக்க மறந்ததை, தம் பாட்டனாரின் திருமுழுக்குத் தேதியைத் தேடியவர்கள் கவனித்திருக்கிறார்கள். அன்புள்ள இடத்தில் கவனம் பிறப்பது இயல்புதானே!

நம் பங்குகளில் பழைய பதிவேடுகளைக் கணிப்பொறியில் ஏற்றும் இளைஞர்களுக்கும் இது பொருந்தும். அவர்கள் பெரிதும் பயன்படுத்தும் எக்ஸெல், 1900-க்கு முற்பட்ட எதையும் தேதியாக ஏற்பதில்லை. வெறும் எழுத்தாகவே வைத்துக்கொள்கிறது. அத்தோடு, இல்லாத 1900 பிப்ரவரி 29-ஐ இருந்ததாகவும் கொள்கிறது; லோட்டஸ் என்ற பழைய மென்பொருளின் பிழையோடு ஒத்துப்போவதற்காகத் தெரிந்தே ஏற்றுக்கொண்ட பிழை அது. எக்ஸெல் பழைய தேதியை ஏற்க மறுப்பது ஒரு குறை என்று பலர் வருந்துகிறார்கள். நான் வருந்தவில்லை. எழுத்தாக இருக்கும்வரை அத்தேதி, எழுதியவர் எழுதியபடியே இருக்கிறது. அடுத்த கட்டத்தில் நாள்காட்டியின் பெயரும், அதற்கடுத்த கட்டத்தில் கிழமையும், இறுதிக் கட்டத்தில் மாற்றிய தேதியும் இருந்தால், வருங்காலத்தில் வருபவர் நம் முடிவைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இன்றும் முடியாத கணக்கு

இவையெல்லாம் பழங்கதை என்று எண்ண வேண்டாம். ரஷ்யாவிலும் செர்பியாவிலும் எருசலேமிலும் உள்ள ஆர்த்தடாக்ஸ் சகோதரர்கள் கிறிஸ்து பிறப்பு விழாவை ஜனவரி 7-இல் கொண்டாடுகிறார்கள் என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. அவர்களைக் கேட்டால், நாங்களும் டிசம்பர் 25-இல்தான் கொண்டாடுகிறோம் என்பார்கள். அவர்கள் கூற்றே சரி. அவர்களின் டிசம்பர் 25 நம் ஜனவரி 7-இல் விழுகிறது, அவ்வளவே. 2101 முதல் அது ஜனவரி 8-இல் விழும். 'ஜனவரி 7' என்று நிலையாக எழுதிவைத்துள்ள மென்பொருள்கள் அன்று பொய் சொல்லத் தொடங்கும்.

கத்தோலிக்கர் என்றால் கிரகோரியன் என்று முடிவு கட்டுவதும் தவறு. உரோமையோடு முழு ஒன்றிப்பில் உள்ள உக்ரைன் கிரேக்கக் கத்தோலிக்கத் திருச்சபை, தன் நாட்டில் 2023 செப்டம்பர் முதல் நாளில்தான் நிலையான திருநாள்களைப் புதிய கணக்கிற்கு மாற்றிக்கொண்டது. திருத்தந்தையின் மக்களே அவருடைய நாள்காட்டியின்றி நான்கு நூற்றாண்டுக்கு மேல் திருத்தந்தையோடு ஒன்றித்து வாழ முடிந்திருக்கிறது. ஒன்றிப்பிற்குத் தேதி முன்நிபந்தனை அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நீசேயா பொதுச்சங்கத்தின் 1700-ஆம் ஆண்டாகிய 2025-இல், இரு கணக்குகளின்படியும் உயிர்ப்புப் பெருவிழா ஏப்ரல் 20-இல் ஒன்றாக அமைந்தது. எவரும் உடன்பாடு செய்துகொள்ளாமல் கணக்கே கூட்டிவைத்த ஒற்றுமை அது. நிலையான பொதுநாள் ஒன்றைக் காண்பதற்குத் திருச்சபை தடை சொல்லாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இலேயே, திருவழிபாடு பற்றிய ஏட்டின் பிற்சேர்க்கையில் அறிவித்துவிட்டது. அதே பிற்சேர்க்கை, புதிய பொது நாள்காட்டி எதுவாயினும் ஏழு நாள் கொண்ட வாரத்தையும் ஞாயிறையும் அது குலைக்கக் கூடாது என்றும் கூறுகிறது. தேதியை விட்டுக்கொடுக்கலாம், கிழமையை விட்டுக்கொடுக்கலாகாது என்ற இந்நிலைப்பாட்டின் நுட்பத்தை, மேலே கண்ட கணக்குகளைப் பார்த்தபின் நாம் இன்னும் தெளிவாக உணர்கிறோம்.

ஒரு தேதியை மாற்றுவது, பிறர் ஒருவரின் சொல்லை நம் மொழியில் பெயர்ப்பதற்கு ஒப்பாகும். பெயர்ப்பவன் முதலில் கேட்க வேண்டியது அகராதியை அன்று, பேசியவரை. அவர் எந்த ஊரினர், எந்த அரசின் கீழ் வாழ்ந்தார், எந்தத் திருச்சபையில் மன்றாடினார், எந்த நாளைப் புத்தாண்டு என்றார் என்பவற்றை அறிந்தபின் எஞ்சுவது கூட்டலும் கழித்தலுமே. அந்தக் கூட்டலையும் கழித்தலையும் கணிப்பொறி நம்மினும் நன்றாகச் செய்யும். தயங்காமல் அதனிடம் விட்டுவிடலாம். பேசியவரைக் கேட்கும் பொறுப்பு மட்டும் நம்முடையது. இறந்தவர்கள் தம் தேதிக்காக வாதாட வரமாட்டார்கள். அவர்கள் எழுதிவைத்ததை எழுதிவைத்தபடி காப்பது, உயிரோடிருக்கும் நாம் அவர்களுக்குச் செலுத்த வேண்டிய நீதி.